அரிவாள்மனை மடங்கும், சுழலாது

டிசம்பர் விடியலில் எங்கள் விமான் நகர் வீட்டுச் சமையலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் எண்ணெய் அது. புனேயின் பனிக்காலக் காலையோ பல நாள் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நிற்கிறது. அந்தக் குளிரில்தான் ஜாகர்ஸ் பார்க் பக்கம் புதிதாக யோகா தொடங்கியவர்களைப் பார்க்கிறேன். முந்தைய நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த உடம்பு. போர்வையை உதறி எழுந்து அரை மணி ஆகியிருக்காது. வந்ததும் குனிந்து கால் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். கை எட்டாவிட்டால் இன்னும் இரண்டு முறை எம்பி எம்பிக் குனிகிறார்கள். எனக்குப் பதறுகிறது. எதை இழுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அவர்கள் இழுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சமையலறைக்கு வந்தால் காட்டிவிடலாம்.

பிரிட்ஜிலிருந்து எடுத்த சப்பாத்தி மாவை உடனே இழுத்தால் பிய்ந்து கையோடு வரும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, நிதானமாக இழுத்தால் நீளும். தசையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் மாவில் இல்லாத ஒரு காவல் தசைக்குள் இருக்கிறது. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அளக்கும் நுண்ணிய உணர்வு உறுப்புகள்தான் அந்தக் காவல். வெடுக்கென்று இழுத்தால், கிழிந்துவிடுமோ என்று தண்டுவடத்துக்குச் செய்தி போகும். அந்தக் கணமே தசை சுருங்கும். எம்பி எம்பிக் குனிகிறவர் இந்தக் காவலோடுதான் மல்லுக்கட்டுகிறார். மெல்லக் குனிந்து, இருபது முப்பது விநாடி அப்படியே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் காவல் தானே தளரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முதல் சில வாரங்களில் "கை தரையைத் தொட்டுவிட்டது" என்று மகிழ்கிறோமே, அதற்குள் தசை பெரிதாக நீண்டுவிடுவதில்லை. இழுப்பைத் தாங்கிக்கொள்ள நரம்பு மண்டலம் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். காவல் சீக்கிரம் பழகிவிடுகிறது. மூட்டைக் கட்டியிருக்கும் திசு அவ்வளவு சீக்கிரம் வலுப்பெறுவதில்லை. இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது.

அந்தத் திசுவைத்தான் டாக்டர் லிகமென்ட் என்பார், நம் வீடுகளில் ஜவ்வு என்போம். எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது அது. குக்கர் கேஸ்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியோடு இறுக்கமாகப் பொருந்தி, கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பழையபடி திரும்பும். அதுதான் அதன் வேலை. ஒரு அளவுக்கு மேல் இழுபட்டுத் தளர்ந்த கேஸ்கட் பழைய வட்டத்துக்கு வராது. குக்கர் வெடிக்காது, ஆனால் ஓரத்தில் ஆவி கசியும், விசில் வராது, பருப்பு வேகாது. தளர்ந்த ஜவ்வும் அப்படித்தான். மூட்டு நிலைகொள்ளாமல் ஆடும், பக்கத்துத் தசைகள் அதைப் பிடித்து நிறுத்த ஓயாமல் இறுகும். அந்த இறுக்கத்தையே "ஸ்டிஃப்" என்று நினைத்து மேலும் இழுக்கிறவர்கள் உண்டு. கேஸ்கட்டைக் கடையில் வாங்கி மாற்றிவிடலாம். ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

அதனால் வகுப்பில் விறைத்து நிற்பவரைவிட, முதல் நாளே வில்லாக வளைகிறவரைப் பார்த்துத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். முழங்கை பின்பக்கமாக வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முட்டி பின்னால் வளைகிறதா என்று பார்த்து 9-க்கு மதிப்பெண் போடும் பெய்ட்டன் முறை ஒன்று மருத்துவர்களிடம் இருக்கிறது. பெரியவர்களுக்கு 5 வந்தாலே மூட்டுகள் இயல்பைவிடத் தளர்ந்தவை என்று சந்தேகிப்பார்கள். கர்ப்ப காலத்திலும் ஜவ்வுகள் தளரும். இவர்களுக்கு இழுக்கும் ஆசனத்தைவிடத் தாங்கி நிற்கும் ஆசனம்தான் தேவை: நின்றால் முட்டியைப் பூட்டாமல் நூலளவு மடக்கி நிற்பது, கையூன்றினால் முழங்கையை இளக்கி ஊன்றுவது.

இப்போது பத்மாசனம். முட்டிகள் அதிகம் கெடுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இடுப்பு மூட்டு ஓர் ஆட்டுக்கல்: குழிக்குள் குழவி எல்லாப் பக்கமும் சுழலும். முட்டி, மடக்கி வைக்கிற அரிவாள்மனை: மடங்கும், நிமிரும், மடங்கியிருக்கும்போது மட்டும் துளி திரும்பும். பத்மாசனத்தில் பாதம் எதிர்த் தொடைமேல் ஏற வேண்டுமானால் தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் வெளிப்பக்கமாக நன்றாகச் சுழல வேண்டும். அங்கே சுழலவில்லை என்றால் பாதத்தைப் பிடித்து இழுக்கிற விசை எங்கே போகும்? நேராக முட்டிக்கு. அரிவாள்மனையைப் பக்கவாட்டில் முறுக்கினால் ஆணி தளர்கிற மாதிரி, முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கிக் கிழியும். குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. எலும்போடு எலும்பு இடிக்கிற இடத்தில் எத்தனை வருடம் பயிற்சி செய்தாலும் வழி பிறக்காது. சிலருக்குப் பத்மாசனம் வாய்க்காது, அதில் குறையொன்றும் இல்லை. என் முட்டியைப் பின்னாலிருந்து ஒருவர் கையால் அழுத்திய நாளில் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "டக்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு நான்கு மாதம் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் கைப்பிடியைத் தேடினேன்.

இதையெல்லாம் யோசித்தவர் வாழ்ந்த ஊர் இது. யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் 1937-ல் புனேக்கு வந்தார். 2014-ல் இங்கேயே காலமானார். சிறுவயதில் குரு கிருஷ்ணமாச்சாரியாரின் ஆணைப்படி, பழகியிராத ஹனுமனாசனத்தைச் செய்யப்போய்த் தொடைத் தசை கிழிந்து அவதிப்பட்டவர். சிவாஜிநகர்ப் பக்கம் 1975-ல் அவர் திறந்த ரமாமணி ஐயங்கார் நினைவு யோகா நிலையத்தில் பெல்ட், மரக்கட்டை, நாற்காலி, சுவரில் கட்டிய கயிறு எல்லாம் பாடத்தில் சேர்ந்தவை. எனக்கு மிகவும் பிடித்தது சர்வாங்காசனத்துக்கு அவர் வைத்த மடித்த கம்பளம். தரையில் அப்படியே செய்தால் உடம்பின் எடை மடங்கிய கழுத்தில் இறங்கும். தோள்களுக்கு அடியில் கம்பளம் அடுக்கி, தலையைத் தரையில் விட்டால் கழுத்து அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. ஆட்டம் காணும் பாத்திரத்துக்கு நம் பாட்டிமார் பிரிமணை வைத்த அதே அறிவு.

வலியின் இடத்தைக் கவனியுங்கள். தொடையின் நடுவில் பரவலாக, மந்தமாக, மூச்சுவிட விடக் குறைகிற இழுப்பு குக்கர் விசில் மாதிரி, வரலாம். மூட்டை ஒட்டி, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் சுரீரென்றால் அடுப்பை அணைக்க வேண்டும். உட்காரும் எலும்பின் அடியில் வருகிற வலி குறிப்பாக ஏமாற்றும். தசைநாண் எலும்பில் ஒட்டுகிற இடம் அது. குனிந்து இழுக்க இழுக்க அதிகமாகும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவுக்கு எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) உண்டென்று டாக்டர் சொல்லியிருந்தால், முதுகை வளைத்து ஆழமாகக் குனியும் ஆசனங்களே வேண்டாம். முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் இருக்கிறது.

விடியலில் எழுந்ததும் இழுக்காமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர் இரவெல்லாம் அசையாமல் கிடந்து கெட்டியாக நிற்கும், காலையில் பாத்திரத்தைத் திறந்ததும் இட்லி மாவு நிற்கிற மாதிரி. கரண்டி விட்டுக் கலக்கினால் மாவு இளகும். அசைந்தால் மூட்டு நீரும் இளகும். ரத்தக்குழாய் இல்லாத குருத்தெலும்பு, பஞ்சு போல் அமுங்கி விரிந்து, தன் உணவையும் அந்த நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

அதனால் பனிக்காலத்தில் எழுந்ததும் எண்ணெய் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவிட்டு, ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன். கணுக்காலைச் சுழற்றுகிறேன், தோளைச் சுழற்றுகிறேன், சுவரைப் பிடித்துக் காலை ஊஞ்சலாட்டுகிறேன். எண்ணெய் உருகிப் பாட்டிலுக்குள் ஓடத் தொடங்கிய பிறகுதான் பாயை விரிக்கிறேன்.