திரையில் எழுத்தாணி: கையால் எழுதும் தமிழ் போனுக்குப் புரியுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைக்கு அருகே இருக்கிறது திருநாவலூர். தேவாரம் பாடிய சுந்தரர் பிறந்த ஊர். அவருடைய வாழ்க்கைக் கதையில் சுவாரஸ்யமான ஒரு கையெழுத்து வழக்கு வரும்.

சுந்தரரின் திருமணத்தன்று ஒரு முதியவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓர் ஓலையைக் காட்டுகிறார். கோபத்தில் சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். "கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது" என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. ஓலையில் இருக்கும் எழுத்தை, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையுடன் வைத்து சபையோர் ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன. தீர்ப்பு முதியவர் பக்கம். அவர்தான் சிவபெருமான் என்பது பிறகு தெரிகிறது. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் சொல்லும் கதை இது.

அந்தச் சபை செய்த வேலையில் ஒரு பாதியை இன்று நம் கையிலிருக்கும் போன் செய்கிறது. திரையில் விரலாலோ எழுத்தாணியாலோ நாம் கிறுக்குவதை, தான் கற்றுவைத்திருக்கும் வடிவங்களுடன் ஒப்பிட்டு, 'இது க, இது கி' என்று முடிவு சொல்கிறது. சபை கேட்டது, 'எழுதியவர் யார்?' போன் கேட்பது, 'எழுதியது என்ன?'

அந்த முடிவு எவ்வளவு சரியாக இருக்கிறது? கீபோர்டில் தட்டுவதைவிட இது எளிதா? கம்பெனி விளம்பரத்தை நம்பத் தேவையில்லை. அரை மணி நேரமும் ஒரு பேப்பரும் இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

யாருக்கு இது தேவை?

பேப்பரில் தமிழை மணிமணியாக எழுதும் பலர், போனில் ஒரு வரி எழுதத் தடுமாறுகிறார்கள். 1990-களில் அறிவொளி இயக்கத்தில் சிலேட்டில் எழுதிப் பழகிய பெண்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கு நோட்டும் கடிதமும் எழுதிய கைகள் அவை. வாட்ஸ்அப்பில் மட்டும் ஒரு கும்பிடு பொம்மை, இல்லையென்றால் வாய்ஸ் மெசேஜ். சொல்ல வேண்டியதைக் குரலில் சொல்லிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பஸ்ஸிலும், ஆஸ்பத்திரி வரிசையிலும், நாலு பேர் நடுவிலும் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்ல முடியாதே!

தட்டச்சுக்கு நல்ல வழிகள் இருக்கவே செய்கின்றன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் ஆகியவை பலருக்குக் கைகொடுத்தன. பழகியவர்களுக்கு அவை வேகமானவை. ஆனால் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே சலித்துப்போகிறவர்களுக்குத் தங்கள் கையெழுத்தே போதும் என்றால் எவ்வளவு நிம்மதி!

எழுத்தையே மாற்றச் சொன்ன கருவி

கையெழுத்தைக் கருவிக்குப் புரியவைக்கும் முயற்சி புதிதல்ல. 1993-ல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேனா போன்ற குச்சியால் திரையில் எழுதினால் படித்துவிடும் என்றார்கள். அது தப்பும் தவறுமாகப் படித்ததை வைத்து அமெரிக்காவில் கார்ட்டூனே வந்தது.

அதே 1993-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் டேவிட் கோல்ட்பர்க், கேட் ரிச்சர்ட்சன் இருவரும் வேறு வழி யோசித்தார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் கையை எடுக்காமல் போடும் ஒரே கோடு. கை எடுத்தால் எழுத்து முடிந்தது என்று கருவிக்குத் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதலாம் என்பதால் சின்னத் திரையே போதும். இதற்கு யூனிஸ்ட்ரோக்ஸ் என்று பெயர்.

1996-ல் வந்த பாம் பைலட் கருவியில் இதே போக்கில் அமைந்த கிராஃபிட்டி என்ற எழுத்து முறை இருந்தது. ஆங்கில 'ஏ' எழுத நடுக்கோடு வேண்டாம். தலைகீழ் 'வி' போட்டால் போதும். அதாவது, கருவிக்குப் புரியும்படி மனிதர்கள் தங்கள் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மனிதர்கள் மாற்றிக்கொண்டார்களா? இதை 1997-ல் ஸ்காட் மெக்கென்சி, ஷான் ஜாங் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். எழுத்து அட்டவணையை ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு எழுதியபோது 86 சதவிகிதம் சரியாக வந்தது. ஐந்து நிமிடம் பயிற்சி செய்த பிறகு 97 சதவிகிதம். ஒரு வாரம் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்ப எழுதியபோதும் அதே 97 சதவிகிதம். புது முறை மனதில் நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்ததுதான் இந்தச் சோதனையின் அழகு.

கிராஃபிட்டியின் கதை நீதிமன்றத்துக்கும் போனது. காப்புரிமை தங்களுடையது என்று 1997-ல் ஜெராக்ஸ் வழக்குப் போட்டது. 2003-ல் பாம் வேறு எழுத்து முறைக்கு மாறியது. 2006-ல் 2.25 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2007-ல் ஐபோன் வந்து, குச்சி வேண்டாம் விரலே போதும் என்று ஆக்கியது. 2011-ல் சாம்சங் கேலக்ஸி நோட் மூலம் பேனா மறுபடியும் போனுக்குள் வந்தது.

தமிழுக்கு நடந்த முயற்சிகள்

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247. இத்தனைக்கும் ஒரு கோட்டு வடிவம் கண்டுபிடித்து மனப்பாடம் செய்யச் சொன்னால் யார் செய்வார்கள்? அதனால் தமிழுக்கு எதிர்த்திசையில் போக வேண்டியிருந்தது. மனிதர்கள் எழுதுகிறபடியே எழுதட்டும், கருவி கற்றுக்கொள்ளட்டும்.

ஹெச்.பி. நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகம் அப்படித்தான் தமிழ்க் கையெழுத்துகளைச் சேகரித்தது. நம் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து மாவட்டமான சேலத்திலும் பெங்களூரிலும் பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள் எனப் பலரை டேப்லெட் கணினியில் எழுதவைத்தார்கள். 'கொ' போன்ற எழுத்துகளைக் கொம்பு, 'க', கால் என்று பிரித்தால், 156 வடிவங்களே எல்லாவற்றுக்கும் போதும். ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 500 மாதிரிகள் சேர்ந்தன. 2006-ல் பிரான்ஸில் நடந்த சர்வதேசக் கையெழுத்துப் பயிலரங்கை ஒட்டிய தமிழ் எழுத்து அறியும் போட்டிக்கு அடிப்படையாக இருந்தவை இந்த மாதிரிகள்தான்.

அதே ஆய்வகம் 2005 வாக்கில் இந்திய மொழிகளுக்காகக் கெஸ்ச்சர் கீபோர்டு என்ற ஒன்றையும் உருவாக்கியது. கணினியுடன் இணைத்த பலகையில் எழுத்துகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். எழுத்தின் மேல் பேனாவால் தட்டினால் அந்த எழுத்து. அதே கட்டத்தின் மேல் உயிர்க்குறியை வரைந்தால் உயிர்மெய். இதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால், 'க' கட்டத்தில் விசிறியைச் சுழித்தால் 'கி'. பாதி தட்டச்சு, பாதி கையெழுத்து! கருவி 247-ஐயும் அடையாளம் காண வேண்டாம். சில குறிகளைக் கண்டுகொண்டால் போதும்.

ஆனால் தமிழில் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தியில் 'உ' குறி பெரும்பாலும் எழுத்துக்குக் கீழே ஒரே மாதிரி வரும். தமிழில் கு, சு, து, மு என்று எழுதிப் பாருங்கள்; ஒவ்வொன்றிலும் குறி ஒவ்வொரு விதம். எந்தப் புது முறையைத் தமிழில் சோதித்தாலும் முதலில் உகர, ஊகார எழுத்துகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2015 ஏப்ரலில் கூகுள் கையெழுத்து உள்ளீட்டுச் செயலியை 82 மொழிகளில் வெளியிட்டது. தமிழும் அதில் ஒன்று. இப்போது ஆண்ட்ராய்டு போனின் ஜிபோர்டு கீபோர்டிலேயே, மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்க்கும்போது கையெழுத்து வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

வீட்டுச் சோதனை: 7 படிகள்

1. ஒரே வாக்கியங்கள். கீபோர்டுக்கும் கையெழுத்துக்கும் ஒரே வாக்கியங்களைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலச் சோதனைகளுக்காக மெக்கென்சி, சூகோரெஃப் இருவரும் 2003-ல் 500 எளிய தொடர்களைத் தொகுத்துக் கொடுத்தார்கள். நமக்கு 5 போதும்:

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறான்
மாத்திரையை இரண்டு வேளை சாப்பிடுங்கள்
கொஞ்சம் கூடுதலாகத் துவரம்பருப்பு வாங்கி வா
கீரை கிடைத்தது, ஓமம் ஒரு கடையிலும் இல்லை
ஔவையார் கதையைப் பேத்திக்குச் சொல்லுங்கள்

ன-ண, கி-கீ, ஒ-ஓ, ர-கால் போன்ற குழப்பமான ஜோடிகளெல்லாம் இவற்றில் வந்துவிடும்.

2. முதலில் படியுங்கள். வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்து மனதில் வைத்துக்கொண்ட பிறகே கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் படிக்கும் நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

3. வரிசையை மாற்றுங்கள். அம்மா முதலில் கீபோர்டில் தொடங்கினால், அப்பா கையெழுத்தில் தொடங்கட்டும். இரண்டாவதாகச் செய்வது எப்போதும் கொஞ்சம் எளிதாகத் தோன்றும்.

4. பரிந்துரைச் சொற்கள். மேலே தோன்றும் சொற்களைத் தொட்டு எழுதுவதென்றால் இரண்டு முறையிலும் தொடலாம். இல்லையென்றால் இரண்டிலும் கூடாது.

5. தவறுகளை இரண்டாகக் குறியுங்கள். எழுதும்போதே திருத்தியவை ஒரு கணக்கு. கடைசிவரை திருத்தாமல் நின்றவை இன்னொரு கணக்கு. 97 சதவிகிதம் சரி என்பது கேட்க நன்றாக இருக்கும். 100 எழுத்து மெசேஜில் 3 தவறு என்று அர்த்தம். மூன்றையும் தேடித் திருத்தும் நேரம்தான் எரிச்சலைக் கொடுக்கும்.

6. பழைய எழுத்தையும் போடுங்கள். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு பள்ளிக்குப் போனவர்கள், யானைத் துதிக்கை போல மேலே சுழித்த பழைய 'லை'யை எழுதிப் பழகியவர்கள். அவர்கள் கைக்கு வருவதைப் போன் ஏற்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

7. ஒரே நாளில் தீர்ப்பு வேண்டாம். ஒரு வாரம் தினமும் 5 நிமிடம் எழுதுங்கள். பிறகு ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள்.

வேகத்தை எப்படி எண்ணுவது?

ஆங்கிலத்தில் இடைவெளியையும் சேர்த்து 5 எழுத்துகளை ஒரு சொல்லாக வைத்து, நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் என்று கணக்கிடுவது வழக்கம். தமிழில் அப்படியே செய்தால் கணக்கு இடிக்கும்.

'நாளை காலை ஊருக்கு வருகிறேன்' என்று எழுதுவோம். நம் கண்ணுக்கு இதில் 13 எழுத்துகள். போனின் உள்ளே 'நா' என்பது 'ந' ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகள். புள்ளிக்கும் தனிக் குறியீடு. அப்படி எண்ணினால் 24. மூன்று இடைவெளிகளைச் சேர்த்தால் முதல் கணக்கு 16, இரண்டாவது 27. இதை அரை நிமிடத்தில் எழுதியவரின் வேகம் ஒரு கணக்கில் நிமிடத்துக்கு 32, இன்னொன்றில் 54! ஆள் ஒருவர்தான், வேகமும் ஒன்றுதான். ஆகவே ஒரு செயலி 'இத்தனை மடங்கு வேகம்' என்று சொன்னால், எதை எண்ணினார்கள் என்று கேளுங்கள். வீட்டுச் சோதனையில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளையே எண்ணுங்கள்.

எழுத்தாணி வாங்க வேண்டுமா?

பனையோலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கத் தயங்கினார்கள். அழுத்தினால் ஓலை கிழியும். அதனால் பல சுவடிகளில் புள்ளியே இருக்காது. எழுதும் பொருள் எழுத்தின் வடிவத்தைப் பாதிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

போன் திரையிலும் அப்படித்தான். ரப்பர் முனை உள்ள விலை குறைந்த குச்சிகள் விரலைப் போலவே தடிமனாகத் தொடும். புள்ளியும் சின்னச் சுழியும் எங்கே விழுகின்றன என்று தெரியாது. மெல்லிய முனையுள்ள மின் பேனாக்கள் துல்லியமானவை, ஆனால் எல்லா போனிலும் வேலை செய்யாது. முதலில் விரலால் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பெரிய எழுத்துகளாக எழுத வராமல், கை நடுக்கத்தால் விரல் வழுக்கினால், அப்போது குச்சியைப் பற்றி யோசிக்கலாம்.

சோதனை முடிவில் கீபோர்டு வேகமாக இருந்தாலும் ஆச்சர்யமில்லை. பழகிய இளம் கைகளுக்கு அது அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு மாறச் சொல்லவே வேண்டாம். ஆனால் வீட்டில் மூத்தவர்கள் எழுதியபோது கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் ஐந்து வாக்கியத்தையும் எழுதி முடித்தார்களா என்று பாருங்கள். முடித்திருந்தால், கையெழுத்து வசதியை அவர்கள் போனில் இன்றே போட்டுக்கொடுத்து, குடும்ப குரூப்பில் முதல் வரியை எழுதச் சொல்லுங்கள்.