புதிய இசைக்கு இடங்கொடுத்த சங்கங்கள்



கவிதை எழுதியவர் அதைத் தாமே படித்துப் பார்க்கலாம். ஓவியம் தீட்டியவர் தாமே கண்டு மகிழலாம். ஆனால் அறுபது வாத்தியங்களுக்கு இசை எழுதியவர், அறுபது பேரும் ஓரிடத்தில் கூடி வாசிக்கும்வரை தம் படைப்பை முழுமையாகக் கேட்க முடியாது. பெயர் அறியப்படாத ஒருவருக்காக மண்டபம் எடுப்பவர் யார்? வாத்தியக்காரருக்கு ஊதியம் கொடுப்பவர் யார்? பிரித்தானியாவில் இக்கேள்விக்கு விடையளித்தவை சங்கங்களே.

1943ஆம் ஆண்டு, உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், இலண்டனில் புதிய இசையை வளர்ப்பதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. அமைத்தவர் பிரான்சிஸ் ஷாக்ரின். ருமேனியாவிற் பிறந்து, இந்நாட்டிற் குடியேறியவர். புகழ்பெற்ற இசைமேதை வோன் வில்லியம்ஸ் தலைவராக விளங்கினார். இக்குழுவே பின்னர் சங்கமாயிற்று. இளைஞர் அனுப்பிய இசைக் கையெழுத்துப் பிரதிகளை அனுபவசாலிகள் படித்துத் தெரிவு செய்தனர். தெரிவானவை வாசிக்கப்பட்டன, பின் அவை பற்றிக் கலந்துரையாடினர். வாத்தியக் குழு ஒத்திகையாக வாசிக்கும்போதே, எழுதியவர் தம் குறைகளைத் தம் காதாலேயே கேட்டுத் திருத்திக்கொள்ளவும் வாய்ப்புக் கிடைத்தது.

ஒருமுறை வாசித்த இசை மறக்கப்பட்டுப் போகாதிருக்க வேண்டுமல்லவா? அதற்காக 1967இல் பிரித்தானிய இசைத் தகவல் நிலையம் தொடங்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட் தெருவுக்கு அருகே, ஸ்ட்ராட்போர்ட் பிளேஸில் அது பல்லாண்டுகள் இயங்கியது. அச்சேறாத படைப்புகளையும் அங்கே பார்வையிடலாம், ஒலிப்பதிவுகளைக் கேட்கலாம்.

இதற்கிடையில் இசையின் உருவமே மாறிற்று. ஒலிநாடாவும் மின்கருவியும் வந்தன. இரயிலின் ஓசையும் மழையின் ஓசையும் கூடப் படைப்புக்குப் பொருளாயின. இவ்வகை ஒலிக்கலைக்கு ஒலிபெருக்கிகளே வாத்தியங்கள். 1979இல் இத்துறையினர் தனிச் சங்கம் அமைத்தனர். கலைக் கவுன்சிலோ புதிய இசைக் கச்சேரிகளை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல வேறோர் அமைப்பை நடத்தி வந்தது.

2008இல் இந்நான்கும் இணைந்து, 'சவுண்ட் அண்ட் மியூசிக்' என்ற ஒரே நிறுவனமாயின. செலவு குறையும், பலம் பெருகும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் 2011இல் கலைக் கவுன்சில் அறிவித்த மானியக் குறைப்பில், முன்பு நான்கு வாசல்கள் இருந்த இடத்தில் எஞ்சியிருந்த ஒரே வாசலும் குறுகிற்று. சிறிய சங்கங்கள் பல இருப்பது வீண் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எனினும் ஒரு செல்வம் அழியவில்லை. தகவல் நிலையம் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளும் ஒலிப்பதிவுகளும் இன்று ஹட்டர்ஸ்பீல்ட் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. குழுக்கள் மாறும், பெயர்கள் மாறும், மானியமும் வற்றலாம். பேணி வைத்த ஏடு இருந்தால், என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் அதை எடுத்து மீண்டும் வாசிப்பார். சங்கத் தொண்டின் பயன் அதுவே.