பாடியவர் அருகில் இல்லாதபோது

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கல்கத்தா நகரிலே, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலை, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் மெழுகுத் தட்டுகளில் பதிவு செய்தார். ஒரு பாட்டுக்குக் கிடைத்த நேரம் ஏறத்தாழ மூன்று நிமிடம். அந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குச் சென்றன. அங்கே அச்சான இசைத்தட்டுகள் மறு ஆண்டு இந்தியா திரும்பின. பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதை இன்றும் நாம் கேட்கலாம். ஹானோவர்த் தொழிலாளர் பாடகியையும் அறியார். பாட்டின் மொழியையும் அறியார். எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று அவர்களுக்குத் தெரிவிக்கவே இந்த ஏற்பாடு என்பர்.

பாடுபவர் ஓரிடத்திலும் பதிவை முடித்துத் தருபவர் வேறிடத்திலும் இருக்கும் நிலை, ஆகவே, நம் நாட்டில் ஒலிப்பதிவு தொடங்கிய நாளிலிருந்தே உள்ளது. இன்று கப்பல் இல்லை; இணையம் இருக்கிறது. தில்லியிலோ மும்பையிலோ வாழும் நம்மவர் சிலர் கூடித் திருப்புகழையோ தேவாரத்தையோ வீட்டிலேயே பதிவு செய்கின்றனர். இறுதிப் பணிக்காக அதனைச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புகின்றனர். லண்டனிலுள்ள அபி ரோடு நிலையமே இவ்வாறு தொலைவிலிருந்து வரும் பதிவுகளை ஏற்று முடித்துத் தருகிறது.

இந்த இறுதிப் பணிக்கு 'மாஸ்டரிங்' என்று பெயர். இதற்கு இசைவான தமிழ்ச் சொல்லைத் தேடி நாம் சில மாலைப் பொழுதுகளைச் செலவிட்டதுண்டு. 'தாய்ப்பிரதி ஆக்கம்' என்பது பொருளுக்குக் கிட்ட வருகிறது. நாவுக்குக் கிட்ட வரவில்லை. பெயர் எதுவாயினும் பணி இதுதான். குரல், வயலின், மிருதங்கம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளவிட்டுச் சேர்ப்பது கலவை. கலவை முடிந்து ஒன்றாகிவிட்ட இசையை எடுத்துக்கொண்டு, அதன் மொத்தத் தொனியைச் சீர் செய்து, உரப்பை ஒழுங்குபடுத்தி, பாட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள இடைவெளியை அமைத்து, வெளியீட்டுக்கு உரிய கோப்பாக்குவது மாஸ்டரிங். குரலும் மிருதங்கமும் கலந்துவிட்ட பின் மிருதங்கத்தை மட்டும் தொடுவது எளிதன்று. அத்தகைய குறை இருந்தால் கலவையைத் திருத்தி அனுப்புமாறு திருப்பி அனுப்புபவரே நல்ல பொறியாளர். அவர் மீது வருத்தப்படலாகாது.

முன்னாளில் இசைக் கலைஞர் அப்பொறியாளரின் அறையிலேயே அமர்ந்து கேட்பதுண்டு. அவர் முகம் சுளித்தால் பொறியாளர் கையை எடுத்துவிடுவார். தொலைவிலிருந்து நடக்கும் பணியில் அந்த முகச் சுளிப்பு இல்லை. பொறியாளர் தாமே ஊகிக்கிறார். சினிமாப் பாட்டிலும் மேனாட்டு இசையிலும் பழகிய செவி நம் சங்கீதத்தை ஊகிக்கும்போதுதான் விபரீதம் நேர்கிறது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், எண்பது வயது கடந்த பாட்டியார் பாடிய பழம்பாடல்களைத் தம்பூராவுடன் பதிவு செய்திருந்தனர். பின்னர் அவர் பாட இயலாத நிலையை அடைந்தார். பதிவை வேற்றூர்ப் பொறியாளர் ஒருவருக்கு, 'இரைச்சலை நீக்கித் தருக' என்னும் ஒரே வரியுடன் அனுப்பினர். திரும்பி வந்த கோப்பில் மின்விசிறியின் ஓசை போயிருந்தது, தம்பூராவும் போயிருந்தது. அது அவர் குற்றம் என்று சொல்வதற்கில்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருள், மாறாமல் நின்று ஒலிப்பது எதுவோ அதனை இரைச்சல் என்று கொள்கிறது. தம்பூராவின் தொழிலோ மாறாமல் நின்று ஒலிப்பதே. குதிரையின் மேல் நூலிட்டு நாம் அரும்பாடுபட்டு வரவழைக்கும் ரீங்காரத்தை, அறியாதார் மின்கோளாறு என்றே கருதுவர். மூலக் கோப்பு குடும்பத்தாரிடம் இருந்தமையால் பணியை மறுபடியும் செய்ய முடிந்தது.

ஆதலால் கோப்புடன் செல்லும் கடிதமே நம் பிரதிநிதி. 'தம்பூரா இசையின் பகுதி, அதனைத் தொட வேண்டாம்' என்று எழுதுக. விருத்தத்தைத் தொடர்ந்து பாடல் இடைவெளியின்றி வருமாயின் அதனை எழுதுக. இல்லையேல் நடுவே இரண்டு வினாடி மௌனம் புகுந்து, ராகத்தின் இழை அறுந்துவிடும். ஆலாபனையில் குரல் தாழ்ந்து ஏறக்குறைய மௌனத்தைத் தொடும் இடம் பாடகரின் விருப்பமேயன்றிப் பதிவின் குறையன்று என்பதையும் எழுதுக. இவை யாவற்றினும் பயனுள்ளது, நம் செவிக்கு உகந்த வெளியீடு ஒன்றைக் குறிப்பிட்டு, 'குரலும் மிருதங்கமும் இதில் உள்ளவாறு வேண்டும்' என்று சொல்வதாகும். 'உயிரோட்டம் வேண்டும்', 'கம்பீரம் வேண்டும்' என்பன போன்ற சொற்களை ஆளுக்கு ஒருவிதமாகப் பொருள் கொள்வர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் இதனை நன்கு அறிவர்: ஆசிரியர் அருகில் இல்லாதபோது அடைமொழிகள் உதவுவதில்லை, எடுத்துக்காட்டுகள் உதவுகின்றன.

கோப்பைப் பொறுத்தவரை, 24 பிட் வேவ் வடிவில், பதிவு செய்த மாதிரி வீதத்திலேயே அனுப்புவது முறை. எம்.பி.3-ஆகச் சுருக்கினால் இழந்த நுண்ணொலிகள் மீளா. உச்ச ஒலிக்கு மேலே சில டெசிபெல் இடம் விட்டிருக்க வேண்டும்.

உரப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிறர் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்னும் ஆசை எல்லோர்க்கும் உண்டு. அதற்காகக் கலவையிலேயே ஒலியை நெரித்து ஏற்றி அனுப்புவோர் பலர். அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழு 2008-இல் வெளியிட்ட 'டெத் மேக்னெட்டிக்' என்னும் தொகுப்பு, உரப்பின் மிகுதியால் கரகரக்கிறது என்று அதன் ரசிகர்களே முறையிட்டனர். அதனை மாஸ்டர் செய்த டெட் ஜென்சன், தம் கைக்கு வரும்போதே அது நெரிக்கப்பட்டிருந்ததாகத் தெரிவித்தார். வந்ததை விரிக்க வழியில்லை. இத்தனை பாடும் இன்று வீண்பாடு. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்பளவுக்குக் கொண்டுவந்தே ஒலிக்கச் செய்கின்றன. அந்நிறுவனத்தின் வழக்கமான அளவு –14 எல்.யு.எஃப்.எஸ். என்பதாகும். அதற்கு மேல் ஏற்றி அனுப்பியதை அது இறக்கிவிடும். ஏற்றும்போது சிதைந்தது சிதைந்ததுதான். கச்சேரியிலே ஆலாபனையின் மென்மைக்கும் தனி ஆவர்த்தனத்தின் முழக்கத்துக்கும் உள்ள தூரம்தான் அழகு. அதனைச் சமன் செய்து கொடுங்கள் என்று நாமே கேட்பது விந்தை.

முடித்த கோப்பு திரும்பி வந்ததும் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் கேட்கிறோம். இங்கே செவி ஏமாறும். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்தது என்று தோன்றும். இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் தொப்பி கேளாது. அது கருவியின் இயல்பு. அதைக் கொண்டு 'தொப்பியை ஏற்றுக' என்று எழுதினால், வீட்டுப் பெரிய ஒலிபெருக்கியில் குரலே அமுங்கிவிடும். காரிலும் வீட்டிலும் காதணி ஒலிபெருக்கியிலும் கேட்டு, ஓரிரவு விட்டு மறுநாள் மீண்டும் கேட்பது நலம். பின்பு, 'மூன்றாம் பாடல், 2 நிமிடம் 14 வினாடி, வயலின் கூர்மையாகக் குத்துகிறது' என்று இடம் சுட்டி எழுதலாம். பஜனைக் குழுவில் ஐவர் இருந்தால் ஐவரும் தனித்தனியே எழுதுவது நம்மவர் வழக்கம். ஒருவர் குரலை ஏற்று என்பார். மற்றவர் இறக்கு என்பார். பொறியாளர் இருவரையும் திருப்தி செய்ய முயன்று பாட்டைக் கெடுப்பார். குழுவுக்குள் சண்டையை முடித்துக்கொண்டு ஒருவர் எழுதுவதே தகும்.

எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முதற்கடிதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பணி முற்றும் முடிந்த பிறகும், கலவையின் மூலக் கோப்பை, இயன்றால் தனித்தனிப் பதிவுகளையும், இரண்டு வெவ்வேறு இடங்களில் பாதுகாத்து வைத்தல் வேண்டும். கோப்பின் பெயரிலேயே பாடியவர், பாடல், ராகம், தேதி ஆகியவற்றைக் குறித்து வைத்தால் பின்னாளில் திறப்பவருக்குத் தேடும் வேலை இராது.