வலிக்காது என்று சொல்லாதீர்கள்

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். எனக்கோ பல் போனபோது நம்பிக்கையும் போனது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கையில் என் கடைவாய்ப் பாற்பல்லைப் பிடுங்கினார்கள். "வலிக்காது" என்றார்கள், வலித்தது. உதடு மரத்துப்போகும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. அதைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டேன். இடைநிலைப்பள்ளி முடியும்வரை பல் மருத்துவர் என்றாலே ஓடி ஒளிந்தேன். இன்று நான் ஒரு பல் மருத்துவ மாணவி. அன்று எனக்குத் தெரியாதவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, பூசும் மருந்து. ஈறைத் துடைத்து உலர்த்தி, பென்சோகைன் களிம்பைச் சிறிதளவு தடவி, ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஊசி குத்தும் வலியை இது குறைக்கும். நன்றாக ஆடும் பாற்பல்லுக்குச் சில வேளை இதுவே போதும். ஆனால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு பென்சோகைன் ஆகாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஆற்றலை அது குறைத்துவிடக்கூடும்.

இரண்டாவது, ஊசி மருந்து. 1943-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகைன்தான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. வலிச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குச் செல்வதை அது தடுக்கிறது. உடன் சேர்க்கப்படும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், மருந்து அதே இடத்தில் நீண்ட நேரம் நிற்கிறது.

அளவு மிக முக்கியம். அட்ரினலின் கலந்த 2 விழுக்காட்டு லிக்னோகைனுக்கு, ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராம் என்பது நாங்கள் பின்பற்றும் உச்சவரம்பு. 20 கிலோ பிள்ளைக்கு 88 மில்லிகிராம். 2.2 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் 44 மில்லிகிராம் இருப்பதால், இரண்டு குப்பிகளோடு சரி. பிள்ளையின் எடையை முதலில் கேட்பது இதற்காகத்தான்.

மேல்தாடை எலும்பு மெல்லியது. பல்லருகே ஊசி போட்டாலே மருந்து ஊறிவிடும். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் தாடையின் பின்புறம் நரம்பருகே போட வேண்டியிருக்கும். அப்போது பாதி உதடும் நாக்கும் மரத்துப்போகும். 4 விழுக்காட்டு ஆர்டிகைன் எலும்பில் நன்கு ஊடுருவுவதால், கீழ்ப் பாற்பற்களுக்கும் பல சமயங்களில் பல்லருகே போட்டாலே போதுமானதாகிறது. ஆனால், நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

எந்த மருந்தானாலும் மெதுவாகச் செலுத்தினால் வலி குறையும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்து சரியாக வேலை செய்யாது. ஆகவே, கன்னம் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சென்ற பருவத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் பாட்டியோடு வந்தான். "ஊசியெல்லாம் போட மாட்டாங்கய்யா, சும்மா பார்ப்பாங்க" என்றார் பாட்டி. பையன் என்னைப் பார்த்தான். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்த எனக்குச் சட்டென்று தமிழ் வரவில்லை. சற்று யோசித்துச் சொன்னேன்:

"ஊசி உண்டு தம்பி. எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும். அக்கா அறுபது எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் உதடு தடிச்ச மாதிரி இருக்கும். பல்லை எடுக்கும்போது அழுத்துறது தெரியும். வலிச்சா இடது கையைத் தூக்கு, நிறுத்திடுறேன்."

நடுவில் ஒருமுறை கையைத் தூக்கினான். உடனே நிறுத்தினேன். "வலிக்குதா?" என்றேன். "இல்லக்கா, சும்மா பார்த்தேன்" என்றான். அதன்பின் பல் வரும்வரை கை மடியிலேயே இருந்தது.

புறப்படும்போது பாட்டியிடம், "மரப்பு போக ரெண்டு மூணு மணி நேரம் ஆகும் பாட்டி. அதுவரைக்கும் சாப்பாடு வேண்டாம். உதட்டைக் கடிக்காமப் பார்த்துக்குங்க" என்றேன். எனக்கு ஒன்பது வயதில் யாரும் சொல்லாத வார்த்தைகள் அவை.

நண்பர்களே, தம்பி தங்கையை, நாளை உங்கள் பிள்ளையை, பல் மருத்துவரிடம் நீங்கள்தான் அழைத்துச் செல்வீர்கள். வலியைக் குறைக்க எங்களிடம் மருந்து இருக்கிறது. "வலிக்காது" என்று மட்டும் சொல்லி அழைத்து வராதீர்கள். நடக்கப்போவதை அப்படியே சொல்லுங்கள், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.