பாடி பால் மாடுகளுக்கு ஓட்ஸா, சோளமா?

சென்னைக்கு மேற்கே பாடி, கொரட்டூர், அம்பத்தூர் பகுதிகளில் ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்கள் இருந்தன. இன்று அங்கே தொழிற்சாலைகளும் வீடுகளும் நிறைந்துவிட்டன. ஆனாலும் கறவை மாடு வைத்துப் பிழைப்போர் இன்னும் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் இல்லை. வைக்கோலையும் புல் கட்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. பால் விற்ற பணத்தில் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடுகிறது.

பாடியில் நான்கு கறவை மாடு வைத்திருக்கும் ஒருவர் அண்மையில் என்னைச் சந்தித்தார். ஆவடிக்கு அப்பால் கிணற்றுப் பாசனத்துடன் 40 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். "ஐயா, ஓட்ஸ் விதைச்சா ஒரு தடவை தீவனமா அறுத்துக்கிட்டு அப்புறம் தானியமும் எடுக்கலாமாமே, நம்ம பக்கம் வருமா?" என்று கேட்டார். விதைக்கு முன்பணம் கொடுக்கும் முன் கேட்டது நல்லதாயிற்று.

ஓட்ஸ் எங்கே விளையும்?

அவர் கேள்விப்பட்டது உண்மைதான். வட மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஓட்ஸ் விதைக்கிறார்கள். 'கென்ட்' அங்கே பெயர் பெற்ற இரகம். ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிலையமும் பல இரகங்களை வெளியிட்டுள்ளது. விதைத்த 55 முதல் 60 நாளில், தரையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. உயரம் விட்டு அறுத்தால் பயிர் மீண்டும் தழைக்கும். உடனே தழைச்சத்து இட்டு நீர் பாய்ச்சி, இரண்டாம் வளர்ச்சியைத் தானியத்துக்கு விட்டுவிடலாம்.

ஆனால் ஓட்ஸ் குளிர்காலப் பயிர். 15 முதல் 25 டிகிரி வெப்பம் அதற்கு உகந்தது. சென்னையில் ஜனவரியில்கூட இரவு வெப்பம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பகலிலோ அதைவிட மிகுதி. இச்சூழலில் தூர் குறையும். கதிர் பால் பிடிக்கும் முன்பே வெயில் ஏறிவிடும். நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு ஏற்ற பயிரைப் பாடிக்குக் கொண்டுவருவது வீண் செலவு. 40 சென்டுக்கு ஓட்ஸ் விதை மட்டும் சுமார் 16 கிலோ தேவைப்படும்.

நமக்கு ஏற்றது சோளமே

தானியமும் தட்டையும் வேண்டுவோர் கோ 30 போன்ற இருபயன் சோள இரகத்தைப் பயிரிடலாம். பசுந்தீவனமே குறிக்கோள் என்றால் கோ.எப்.எஸ். 29 சிறந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்ட இந்த இரகம் மறுதாம்பு விட்டுப் பல முறை அறுவடை தரும். ஆராய்ச்சி நிலைய அளவில் ஆண்டுக்கு எக்டருக்குச் சுமார் 170 டன் பசுந்தீவனம் கிடைக்கிறது.

40 சென்ட் நிலத்துக்கு 800 கிராம் விதை போதும். அறுவடையான புதிய விதை உறக்க நிலையில் இருக்கும். 60 நாள் கடந்த விதையையே விதைக்க வேண்டும். நான்கு டன் தொழு உரம் இட்டு உழுது, வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. இடைவெளியில் விதைக்கவும். அடியுரமாக யூரியா 16 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 40 கிலோ, பொட்டாஷ் 11 கிலோ இடவும். முப்பதாம் நாளிலும், ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் 16 கிலோ யூரியா இட்டு நீர் பாய்ச்சவும். முதல் அறுவடை 65-ஆம் நாள். பிறகு 50 நாளுக்கு ஒரு முறை.

நிலத்தைப் பத்துப் பாத்திகளாகப் பிரித்து, ஐந்து நாளுக்கு ஒரு பாத்தி வீதம் அறுத்து வந்தால் ஆண்டு முழுவதும் தீவனம் தட்டாது. கணக்குப்படி நாளுக்கு 75 கிலோ, அதாவது மாட்டுக்கு 25 கிலோ வீதம் மூன்று மாட்டுக்கு வரும். கோடையில் கிணறு வற்றுவதையும் எண்ணி, இரண்டு மாட்டுக்கு என்றே திட்டமிடுவது நல்லது. வரப்போரம் வேலிமசால் விதைத்தால் புரதச்சத்தும் சேரும்.

கவனம் தேவை

இளஞ்சோளத்தில் மாட்டுக்கு ஆகாத நச்சுப்பொருள் உண்டு. தண்ணீர் இன்றி வாடிய பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் இளந்தழையிலும் அது அதிகம். மாட்டை மறுதாம்பில் மேயவிடக் கூடாது. பூக்கும் பருவத்தில் அறுத்து, சற்று உலரவிட்டு, நறுக்கி வைக்கோலுடன் கலந்து கொடுக்கவும். தின்ற சற்று நேரத்தில் மாடு மூச்சு வாங்கி, தள்ளாடி, நுரை தள்ளினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். உரிய ஊசியைக் காலத்தில் போட்டால் மாடு பிழைக்கும். தாமதித்தால் நிமிடங்களில் உயிர் போகும்.

பாடி நண்பர் ஓட்ஸ் எண்ணத்தை விட்டுவிட்டு, முதலில் நான்கு பாத்தியில் மட்டும் சோளம் விதைக்கப் போவதாகச் சொல்லிச் சென்றார். அதுவே சரியான வழி. விதை பற்றிய விவரங்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட வேளாண் பெருமக்கள் திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.