பொருளாளர் நல்லவர்தான், பாஸ்புக்கைக் காட்டுங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்பிரிங் ஆர்பர் என்ற சிறிய கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே கணக்கியல் கற்பித்த ஆல்பர்ட் மேயர், அலுவலகக் கணக்கையும் பகுதி நேரமாகப் பார்த்துவந்தார். கல்லூரிப் பணத்தில் 2,94,000 டாலர் யாரும் கேள்விப்படாத ஓர் அறக்கட்டளைக்குப் போயிருந்தது 1991-இல் அவர் கண்ணில் பட்டது. விசாரித்தால், அது பிலடெல்பியா பக்கத்து ‘நியூ எரா’ அறநிதியின் திட்டத்துக்காக அனுப்பிய பணம். பணத்தைச் சில மாதம் கொடுத்துவைத்தால் இரட்டிப்பாகத் திரும்பும். கூடுதல் தொகையைப் பெயர் சொல்ல விரும்பாத செல்வந்தர்கள் போடுகிறார்கள் என்றார்கள்.

சொன்னபடி பணம் வந்துகொண்டும் இருந்தது. ஈமு கோழித் திட்டத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்லவேண்டியதில்லை.

மேயர் விடவில்லை. நியூ எரா 1993-ஆம் ஆண்டுக்காக வருமான வரித்துறைக்குக் கொடுத்த படிவத்தை வாங்கிப் பார்த்தார். கோடிக்கணக்கான டாலரை வைத்திருப்பதாகச் சொன்ன அமைப்பு, வட்டி வருமானமாகக் காட்டியிருந்தது சுமார் 34,000 டாலர். அப்படியானால் அசல் எங்கே? 1995 மே மாதம் நியூ எரா திவாலானது. பெயர் தெரியாத அந்தச் செல்வந்தர்கள் யாருமே இல்லை என்று நிறுவனர் ஜான் பென்னட் ஒப்புக்கொண்டார். 1997-இல் அவருக்கு 12 ஆண்டு சிறை.

பணத்தைக் கொடுத்தவை கல்லூரிகள், தேவாலயங்கள், அருங்காட்சியகங்கள். படித்தவர்கள் நிறைந்த நிர்வாகக் குழுக்கள் அவற்றுக்கு இருந்தன. மேயர் பார்த்த படிவத்தை அவர்களும் கேட்டு வாங்கியிருக்கலாம். நல்ல காரியம் செய்கிறவரிடம் கணக்குக் கேட்பது மரியாதையில்லை என்ற கூச்சம் பலரைத் தடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கூச்சம் நம் ஊர் அறக்கட்டளைகளிலும் நலச் சங்கங்களிலும் தாராளமாக உண்டு. செயலாளரே நன்கொடை வாங்குவார், அவரே கணக்கு எழுதுவார், செக் புத்தகமும் அவர் பீரோவில். பொருளாளர் வெளியூரில் இருப்பதால் பத்து வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற விதி அத்தோடு செத்தது.

செலவே இல்லாமல் இதைச் சரிசெய்யலாம். பணம் வாங்குபவர், கணக்கு எழுதுபவர், வங்கிக் கணக்கோடு ஒப்பிடுபவர் மூவரும் வேறுவேறு ஆட்களாக இருக்கவேண்டும். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும். ரத்தான ரசீதையும் கிழித்தெறியாமல் புத்தகத்திலேயே வைக்கவேண்டும். வந்த ரொக்கம் முழுவதும் வங்கிக்குப் போகவேண்டும். அதிலிருந்தே டீச் செலவு, ஆட்டோ செலவு என்று எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டினால், எவ்வளவு வந்தது என்பதை அப்புறம் யாராலும் நிரூபிக்க முடியாது. இரண்டாவது கையெழுத்துப் போடுபவர் பில்லைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கவேண்டும். ஆள் குறைவா? வங்கியின் எஸ்எம்எஸ் தலைவர் கைபேசிக்கு வரட்டும். கணக்கு எழுதாத ஒருவர் மாதாமாதம் பாஸ்புக்கையும் லெட்ஜரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

‘என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?’ என்று ஒருவர் கோபித்துக்கொள்வார். நாளை ஒரு வதந்தி கிளம்பினால் அவரைக் காப்பாற்றப்போவதும் இதே தாள்கள்தான்.

சட்டமும் சிலவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடையாது. வெளிநாட்டு நன்கொடை முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழவேண்டும்; அதில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஆடிட்டர் இருக்கிறாரே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அவர் ஆண்டு முடிந்தபின் வருகிறார். ரசீதே போடாமல் வாங்கிய பணம் அவர் மேசைக்கு வருவதில்லை.

பொதுக்குழுவில் வரவு செலவை மளமளவென்று வாசித்துக் கைதட்டலோடு முடித்துவிடுவது வழக்கம். மார்ச் 31 அன்று வங்கியில் எவ்வளவு இருந்தது என்ற சான்றையும் சேர்த்து மேசையில் வைக்கச் சொல்லி எந்த உறுப்பினரும் கேட்கலாம். சாப்பாட்டுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.