மகரக்கட்டுக்குப் பிறகு

1812 ஜூலை 26 அன்று, வியன்னா அரண்மனைத் தேவாலயத்தின் பாடகர் குழுவிலிருந்த ஒரு பையன் தன் சுரத்தாளில் ஒரு குறிப்பு எழுதி வைத்தான். பிரான்ஸ் ஷூபர்ட் இன்றோடு கடைசியாகக் கூவி முடித்தான் என்பது அதன் பொருள். சேவலுக்குச் சொல்லும் சொல்லைத்தான் தனக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு வயது 15. தாய் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நம் ஊர் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் இப்படிக் குரல் உடைவதற்கு மகரக்கட்டு என்று பெயர். டெஸ்டோஸ்டீரோன் சுரக்கத் தொடங்கியதும் பையன்களின் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நீண்டு தடித்த தந்தி கீழேதானே ஒலிக்கும்? குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. நேற்றுவரை கேட்ட இடத்துக்கெல்லாம் போய் நின்ற குரல் இன்று பாதி வழியில் பிளக்கிறது. பாட்டையே பிழைப்பாகக் கொண்ட பிள்ளைக்கு அது சின்ன இழப்பல்ல.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1814 அக்டோபர் 19 அன்று, அதே பையன் ஒரு பாட்டு எழுதினான். வயது 17. தந்தையின் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் உதவி ஆசிரியர் வேலை. கதேயின் 'ஃபாவுஸ்ட்' நாடகத்தில் கிரெட்சென் என்ற பெண் ராட்டையில் நூல் நூற்றபடியே காதலனை நினைத்துத் தவிக்கும் இடத்தை அவன் எடுத்துக்கொண்டான்.

அந்தப் பாட்டில் பியானோவை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். வலது கை ஓயாமல் வட்டமடிக்கிறது, அதுதான் சக்கரம். இடது கையில் ராட்டையை மிதிக்கும் காலின் தாளம். அவள் மனம் கொதிக்கும்போது சக்கரமும் வேகமெடுக்கிறது. நினைவு அவனுடைய முத்தத்தைத் தொட்டதும் குரல் உச்சியில் நிற்க, சக்கரம் சட்டென்று நின்றுபோகிறது. கை வேலையை மறந்துவிட்டது! பிறகு ராட்டை ஒருமுறை அசைந்து நிற்கிறது, இன்னொரு முறை அசைந்து நிற்கிறது, அதன் பிறகுதான் மறுபடி ஓடுகிறது. காதல் என்ற சொல்லைவிட அந்தத் தடுமாற்றம் எனக்கு அதிகம் சொல்கிறது. ஒரு பெண்ணின் மனதுக்குள் 17 வயதுப் பையன் எப்படிப் போனான் என்று எத்தனை முறை கேட்டாலும் வியப்பு அடங்குவதில்லை.

வியப்பை வைத்துக்கொண்டே கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். ஜான் ஹேய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 76 இசையமைப்பாளர்களின் வாழ்க்கையை எடுத்து, இசை கற்கத் தொடங்கிய எத்தனையாவது ஆண்டில் அவர்களுடைய நிலைத்த படைப்புகள் பிறந்தன என்று பார்த்தார். முதல் பத்து ஆண்டுகள் கிட்டத்தட்ட வெறுமைதான். விதிவிலக்கு மூவர், அவர்களும் எட்டாவது, ஒன்பதாவது ஆண்டில் வந்தவர்கள். இந்தக் கணக்கில் ஒரு திருப்பம் இருக்கிறது. இருபதில் தொடங்கினால் பத்து ஆண்டு முப்பதில் முடியும். ஏழு வயதில் தொடங்கியவனுக்கோ அது பதினேழிலேயே முடிந்துவிடுகிறது. ஷூபர்ட்டுக்கு அண்ணன் பியானோ சொல்லிக்கொடுத்தான், அப்பா வயலின். விடுதிப் பள்ளியில் மாலைதோறும் ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து ஹைடனையும் மொசார்ட்டையும் வாசித்தான். அரண்மனை இசைத் தலைவர் சாலியேரியே அவனுக்கு ஆசிரியர். சுரத்தாள் வாங்கக் காசில்லாதபோது ஸ்பவுன் என்ற மூத்த மாணவ நண்பன் வாங்கிக் கொடுத்தான். 17 வயதில் அவன் கை பழகிப் பழுத்த கை.

மனமோ அப்போதுதான் பற்றிக்கொண்டிருந்தது. பதின்பருவத்தில் மூளை தன்னையே திருத்திக் கட்டுகிறது. புழங்காத நரம்பு இணைப்புகளைக் கழிக்கிறது. புழங்கும் பாதைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை ஏறி, செய்தி விரைந்து ஓடுகிறது. ஆசைக்கும் கிளர்ச்சிக்கும் உரிய பகுதிகள் முழு வீச்சில் இயங்க, நிதானித்து எடைபோடும் நெற்றிப்பக்க மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் அந்த வயதில் ஒரு பார்வையும் ஒரு புறக்கணிப்பும் உலகம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாகின்றன. ஆனால் இந்த மூளை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்கள் எல்லோரும் கிரெட்சென் பாட்டு எழுதுவதில்லை. பத்து வருடப் பழக்கம் உள்ள கையும் முதன்முதலாக வலிக்கும் மனமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்புக்கான காலம் மிகச் சிறியது என்றே எனக்குத் தோன்றுகிறது. முப்பது வயதில் கை இன்னும் தேர்ந்திருக்கும், ஆனால் வலி பழகியிருக்கும்.

பாட்டின் அளவும் இதற்கு இடம் கொடுக்கிறது. நாவலுக்குப் பல வாழ்க்கைகளைப் பார்த்திருக்க வேண்டும். பாட்டுக்கு ஒரு கணம் போதும், அதை நான்கு நிமிடம் கைவிடாமல் பிடித்திருந்தால் சரி. இங்கிலாந்தில் கேட் புஷ் தன் 'வுதரிங் ஹைட்ஸ்' பாட்டை எழுதியபோது அவருக்கு வயது 18. 1978இல் அது அங்கே முதலிடம் பிடித்தது. தானே எழுதிய பாட்டோடு அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். அவரும் சிறுவயதிலிருந்தே பியானோ முன்னால் உட்கார்ந்தவர்தான்.

ஷூபர்ட்டுக்கு 1815ஆம் ஆண்டு வெள்ளம்போல் வந்தது. பள்ளி வேலைக்கு நடுவே ஏறக்குறைய 140 பாடல்கள். ஆகஸ்ட் 19 ஒரே நாளில் மட்டும் ஐந்து. அந்த ஆண்டில் வந்ததுதான் 'எர்ல்கோனிக்'. இரவு, காற்று, குதிரையில் விரையும் தந்தை, அவர் கைகளுக்குள் நோயுற்ற பிள்ளை. பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு மாய அரசன் அவனை அழைக்கிறான். கதை சொல்பவன், தந்தை, மகன், அரசன் என்று நான்கு பேரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். தந்தை கீழ்ச்சுரங்களில் தேற்றுகிறார். அரசன் மேஜர் சுரங்களில் இனிக்க இனிக்கப் பேசுகிறான். அந்த இனிப்புதான் முதுகைச் சில்லிட வைக்கிறது. மகனின் அலறல் ஒவ்வொரு முறையும் முன்னைவிட மேலே ஏறி, பியானோவின் சுரத்தோடு நெருக்கமாக மோதி நாராசமாய் ஒலிக்கிறது. குழந்தையின் உச்சக்குரலும் ஆணின் கனத்த குரலும் அவன் தொண்டைக்குள் இடம் மாறி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டும் எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்காதா?

குதிரையின் குளம்படியைப் பியானோவின் வலது கை ஏற்கிறது. அச்சிட்ட வேகத்தில் வாசித்தால் வினாடிக்கு ஏழு முறைக்கு மேல் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து அடிக்க வேண்டும். மணிக்கட்டு மரத்துப்போகும். 'எர்ல்கோனிக்' உட்பட கதேயின் கவிதைகளுக்கு ஷூபர்ட் அமைத்த பாடல்களை 1816இல் ஸ்பவுன் கட்டி, கதேக்கே அனுப்பிவைத்தான். அதற்கான பிரதியில் மும்மூன்றாக விழும் அந்த அடிகளை இரண்டிரண்டாகக் குறைத்து, விரலுக்கு எளிதாக ஷூபர்ட் மாற்றி எழுதியிருந்தான். கட்டு ஒரு வரி பதிலும் இல்லாமல் திரும்பி வந்தது. அப்போது அவனுக்கு வயது 19.